பரணில் கிடக்கும் பாட்டனார் துப்பாக்கி

பன்றி விரட்டவும் முயல் வேட்டைக்கும் பாட்டனார் வாங்கிய துப்பாக்கி இன்றும் சில குடியானவர் வீடுகளில் சாக்கில் சுற்றிப் பரணில் கிடக்கிறது. பாகப்பிரிவினையின்போதுதான் அதன் ஞாபகம் வரும். "பழைய சாமான், நல்ல விலை போகும்" என்று யாராவது சொன்னால் போதும், உப்புத்தாளும் மண்ணெண்ணெயுமாகத் தேய்க்க உட்கார்ந்து விடுவார்கள். மதிப்பு கெடுவது அங்கேதான்.

விலையைப் பற்றி நினைக்கும் முன் மருந்தைக் கவனிக்க வேண்டும். வாய் வழியே கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியில் அன்று சுடாமல் விட்ட மருந்து இன்னும் உள்ளே இருக்கலாம். ஈரம் படாத கரிமருந்து பல பத்தாண்டுகள் ஆனாலும் வெடிக்கும். குழல் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, பக்கவாட்டில் நின்று, ஒரு மரக்குச்சியை மெதுவாக உள்ளே விட்டு, வாய் விளிம்புக்கு நேரே அடையாளம் செய்ய வேண்டும். குச்சியை எடுத்துக் குழலின் வெளிப்பக்கம் வைத்தால், கேப்பு வைக்கும் இடம் வரை எட்ட வேண்டும். இரண்டு மூன்று அங்குலம் குறைந்தால் கெட்டித்தது அப்படியே இருக்கிறது என்று கொள்ளலாம். அதைத் தோண்டி எடுக்கவே கூடாது. அடுப்புப் பக்கம் வைக்காமல் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிடுவதே நல்லது.

பழைய லைசென்ஸ் இருந்தால் பாதி விவரம் அதிலேயே கிடைக்கும். எஸ்.பி.எம்.எல். என்றால் வாய் வழி கெட்டிக்கும் ஒற்றைக் குழல். டி.பி.பி.எல். என்றால் பின்பக்கம் தோட்டா போடும் இரட்டைக் குழல். குழலின் உட்புறம் வழவழப்பாக இருந்தால் ரவைத் துப்பாக்கி. திருகுபோல் வரிகள் ஓடினால் ரைபிள். '12' என்ற எண்ணைப் பார்த்து 12 மில்லிமீட்டர் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம குண்டுகளாக வார்த்தால் ஒரு குண்டு எவ்வளவு பருமனோ, அதுவே குழலின் அளவு. ஏறக்குறைய பதினெட்டரை மில்லிமீட்டர்.

குழலின் அடிப்பக்கத்தில் சின்ன முத்திரைகள் இருக்கும். கிரீடத்தின் கீழே குறுக்காக இரண்டு செங்கோல்கள் இருந்தால் பெரும்பாலும் பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் பழைய முத்திரை. அந்தச் சாலை 1813-ல் ஏற்பட்டது. மேலே பொறித்த சென்னை, கல்கத்தா கம்பெனிப் பெயர் பல சமயம் விற்றவர் பெயரே, செய்தவர் பெயரல்ல. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், பர்டி போன்ற லண்டன் கம்பெனிகள் பழைய பேரேடுகளை வைத்திருக்கின்றன. துப்பாக்கியின் எண்ணைக் கொண்டு செய்த வருடத்தை அறியலாம்.

வயது மட்டும் விலையைக் கூட்டாது. நாட்டுக் கொல்லர் செய்த ஒற்றைக் குழலுக்கு விலை சொற்பமே. பெயர் பெற்ற ரைபிளானால், பழைய நிறம், தேயாத எழுத்து, பொருந்தும் எண்கள், முதலில் வந்த பெட்டி, இவற்றுக்குத்தான் பணம். லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடம் எழுத்து மூலம் மதிப்பு வாங்கிக்கொள்ளலாம்.

'பழசுக்கு லைசென்ஸ் வேண்டாம்' என்ற பேச்சை நம்பிக் கெட்டவர்கள் உண்டு. 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கே விலக்கு. மற்றதை லைசென்ஸ்தாரர் இறந்ததும் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின், லைசென்ஸின்றி வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து வருடம் வரை சிறை. ஒப்படைத்துவிட்டு, வாரிசுச் சான்றும் மற்ற பங்காளிகளின் சம்மதக் கையெழுத்துமாகக் கலெக்டர் அலுவலகத்தில் மனுச் செய்யலாம். 2016 விதிகளில் வாரிசுக்கு இடமுண்டு. விற்பதானாலும் வாங்குகிறவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும்.