சூறாவளியும் புகலிடமும்



அத்திலாந்திக் கரையில் ஹரிக்கேன் என்றும், பசிபிக் கடலின் மேற்கே டைபூன் என்றும், நமது வங்கக் கடலிற் சூறாவளி என்றும் வழங்குவது ஒன்றே. 1978 நவம்பர் 23ஆம் நாளிரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்டவர்கள், முறிந்து வீழ்ந்த தென்னந்தோப்புக்களையும் பறந்துபோன கூரைகளையும் இன்றும் நினைவுகூர்வர். ஆயினும், உலகின் பெருஞ் சூறாவளிகள் பலவற்றில் மிகுதியான உயிர்களைக் கவர்ந்தது காற்றன்று; காற்றுக் கொணர்ந்த கடலேயாகும்.

அஃது எவ்வாறெனிற் கூறுவேன். கடுங்காற்றுப் பல மணி நேரம் கடல்நீரைக் கரை நோக்கித் தள்ளுகின்றது. கடல் ஆழமானதாயின் அந்நீர் அடிவழியே மீண்டுவிடும். ஆழங் குறைந்ததாயின் அதற்குப் போக்கிடமில்லை. மேலெழுந்து நிலத்தினுட் புகுகின்றது. வங்கக் கடலோ வடக்கே செல்லச் செல்ல ஒடுங்குவதோடு ஆழமும் குறைகின்றது. அங்குள்ள கரையும் தீவுகளும் கங்கை, பிரமபுத்திரா, மேக்னா ஆகிய ஆறுகளின் வண்டல் படிந்த தாழ்நிலங்கள்.

1970 நவம்பர் 12ஆம் நாளிரவு, அக்காலத்திற் கிழக்குப் பாகிஸ்தானாயிருந்த அந்நிலத்தின்மீது, கடற்பெருக்கு வேளையில் ஒரு சூறாவளி வந்தது. 20 அடிக்கு மேல் எழுந்த நீர் உறங்கிக் கிடந்த ஊர்களை மூடியது. மாண்டோர் 3 இலட்சத்துக்குக் குறையார் என்பர். வானொலி எச்சரிக்காமலில்லை. கேட்டவர் பலர்; எழுந்து சென்றவர் சிலர்.

அவர்களை அறியாமையுடையோர் என்று கூறுதல் எளிது. நான் அவ்வாறு கூறேன். 1978இல் நான் சிறுவன். தொழுவத்திற் கட்டிய பசுவை விட்டு அயலிலுள்ள கல்வீட்டுக்கு வர எமது அம்மம்மா மறுத்துவிட்டார். தந்தையார் பசுவின் கயிற்றை அறுத்துவிட்ட பின்னரே அவர் எழுந்தார். மனிதர் தம் உடைமையையும் வீட்டையும் விட்டு எழுவதற்கு, ஒரு குரல் மட்டும் போதாது. போவதற்கு அண்மையில் ஓர் இடம் வேண்டும். அழைப்பவர் அறிந்தவராயிருத்தல் வேண்டும். விட்டுச் செல்வது அழியாதென்ற ஆறுதலும் வேண்டும்.

வங்காளதேசம் இதனைப் பெருவிலை கொடுத்துக் கற்றது. 1972இற் சூறாவளி ஆயத்தத் திட்டம் ஒன்று அங்கே தொடங்கப்பெற்றது. ஊரவருள்ளேயே தொண்டர் பயிற்றப்பட்டனர். அவர்கள் கொடியேற்றியும், ஒலிபெருக்கி ஏந்தியும் வீடுதோறும் சென்று அழைப்பர். இன்று அத்தொண்டர் 70,000 பேருக்கு மேற்பட்டோர். தூண்கள்மீது உயர்த்திய புகலிடங்கள் எழுந்தன. கால்நடைகளுக்கென மண்மேடுகளும் அமைக்கப்பட்டன. எனினும் 1991 ஏப்ரலில் வந்த சூறாவளியில் ஏறக்குறைய 1,38,000 பேர் மாண்டனர். புகலிடங்கள் போதாமையும், அவற்றிற் பெண்களுக்குத் தனியிடம் இல்லாமையும் அப்போது புலனாயின.

2007 நவம்பரில் வந்த 'சிட்ர்' என்னும் சூறாவளி 1970இல் வந்ததற்கு வலிமையிற் குறைந்ததன்று. இறந்தோர் ஏறக்குறைய 3,400 பேர். முன்னைய தொகையோடு ஒப்பிடின் இது பெருவெற்றியே. ஆயினும் அப்போதும் அழைப்பைக் கேட்டுச் செல்லாதோர் இருந்தனர். இரு மாதங்களுக்கு முன்னர் விடுக்கப்பட்ட ஆழிப்பேரலை எச்சரிக்கை பொய்த்தமையால், இதுவும் அத்தகையதே எனச் சிலர் எண்ணினர். நம்பிக்கை ஒருமுறை தளர்ந்தால் அதனை மீட்பது அரிது. பொய்த்த எச்சரிக்கையின் பின்னர், அது ஏன் பொய்த்தது என்பதையும் மக்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டும். 2020இல் 'அம்பன்' வந்தபோது அந்நாட்டில் 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் முன்னரே இடம்பெயர்க்கப்பட்டனர். உயிரிழந்தோர் சில பதின்மரே.

பாடசாலை அதிபர் என்ற முறையில் என் உள்ளத்தைக் கவர்ந்த செய்தி ஒன்றுண்டு. அப்புகலிடங்களுட் பல, ஏனைய நாட்களிற் பாடசாலைகளாக இயங்குகின்றன. நாள்தோறும் பிள்ளை ஏறிப் பழகிய படிகளில், இடர் வந்த இரவில் அதன் பாட்டியும் தயங்காது ஏறுவாள்.

கடலோரம் வாழும் நேயர்களே, உங்கள் ஊரில் உயர்ந்து நிற்கும் உறுதியான கட்டடம் எது? அதன் திறப்பு யாரிடம் உள்ளது? நடக்கவியலாத முதியவரை அங்குக் கொண்டு செல்பவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை காணவேண்டிய காலம் காற்று எழுந்த பின்னரன்று. வானம் தெளிந்திருக்கும் இந்நாட்களேயாம்.