பிறர் பிள்ளையும் வண்டிச் சாவியும்

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் இல்லங்களில் பெற்ற பிள்ளைகளோடு பெறாத பிள்ளைகளும் சேர்ந்து வளர்வது புதிதன்று. தமக்கை மகன் படிப்பின் பொருட்டு வந்து தங்குவான். தந்தையை இழந்த தம்பி மகள் நம் வீட்டிலிருந்தே பள்ளி செல்வாள். குழந்தைகள் நலக் குழு ஒப்படைத்த பிள்ளையை வளர்ப்போரும் உளர். ஊணும் உடையும் கல்வியும் அளிப்பதில் நம்மவர் குறை வைப்பதில்லை. ஆயினும் அப்பிள்ளை பதினாறு, பதினேழு வயதில் ஸ்கூட்டர் சாவியைக் கேட்குங்கால் சட்டம் யாது கூறுகிறது என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பாதவர் பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டலாகாது. ஒரு விலக்கு உண்டு: 50 சி.சி.க்கு மேற்படாத எஞ்சின் கொண்ட இருசக்கர வண்டியை 16 வயது நிரம்பியவர் லைசென்ஸ் பெற்று ஓட்டலாம். கியர் இல்லாததெல்லாம் இவ்விலக்கில் அடங்கும் என்று எண்ணுதல் பிழை. இன்று தெருவில் ஓடும் கியரில்லா ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை 100 சி.சி.க்கு மேற்பட்டவையே.

பதினெட்டுக்கு உட்பட்டவருக்குப் பழகுநர் லைசென்ஸ் வேண்டுமாயின் யார் கையெழுத்திடுவது? பெற்றோர்தாம் இடவேண்டும் என்று சட்டம் கூறவில்லை. பிள்ளையைத் தம் பராமரிப்பில் வைத்திருப்பவரின் எழுத்து மூலமான இசைவையே அது கேட்கிறது. ஆகவே மாமனோ சித்தப்பாவோ அப்பொறுப்பை ஏற்க இடமுண்டு. நலக் குழுவின் ஆணையால் பிள்ளையை வளர்ப்போர் முதலில் அக்குழுவைக் கேட்டுக்கொள்வது நலம்.

நிற்க. 2019இல் சட்டம் திருத்தப்பெற்று, அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் 199ஏ என்னும் பிரிவு நடைமுறைக்கு வந்தது. சிறார் ஒருவர் இச்சட்டத்தின்கீழ்க் குற்றம் இழைப்பின், அவருடைய பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். தண்டனை மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் ஆகும். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அச்சிறாருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிட்டாது. இசைவுடனேயே வண்டி எடுக்கப்பட்டது என்று நீதிமன்றம் முற்கோள் கொள்ளும். தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க உரிய முயற்சி யாவும் செய்தோம் என்றோ மெய்ப்பிக்கும் சுமை நம்முடையது. "நான் அவனுடைய தகப்பன் அல்லேன்" என்று விலகவும் வழியில்லை. வண்டி நம் பெயரில் இருப்பின் அதுவே போதும். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால், அடிபட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டை இன்ஷூரன்ஸ் நிறுவனம் உரிமையாளரிடமே திரும்ப வசூலிக்கக்கூடும்.

இதில் இல்லறத்தின் சங்கடம் ஒன்றும் உண்டு. தம் மகனுக்குச் சாவியைத் தந்து தமக்கை மகனுக்கு மறுத்தால் அது பாரபட்சம். பாரபட்சம் என்று பெயர் வருமே என அஞ்சி இருவருக்கும் தருவது பேதைமை. இருவருக்கும் ஒருங்கே மறுத்து, இருவருக்கும் காரணத்தை எடுத்துரைப்பதே நேர்மை. அதுவரை சைக்கிளும் பஸ்ஸும் இருக்கவே இருக்கின்றன.

பதினெட்டு நிரம்பியபின் நிலைமை மாறுகிறது. அப்பொழுது எவருடைய இசைவும் வேண்டுவதில்லை. பெற்றோர் அற்றவரும், காப்பகத்திலிருந்து வெளிவந்தவரும் தம் கையெழுத்தாலேயே விண்ணப்பிக்கலாம். வேண்டுவன வயதுச் சான்றும் முகவரிச் சான்றும். இவை பிள்ளையின் கையில் ஒழுங்காக இருக்கின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துக் கொடுப்பது வளர்ப்போர் கடமை. சொந்த ஊருக்குச் சென்றுதான் லைசென்ஸ் எடுக்கவேண்டும் என்பதும் இல்லை. வசிக்கும் மாநிலத்திலேயே பெறலாம், அது பாரதம் முழுவதும் செல்லும். பழகுநர் லைசென்ஸ் ஆறு மாதம் செல்லுபடியாகும். அதைப் பெற்று 30 நாள் கழிந்த பின்னரே ஓட்டுத் தேர்வு. அதுகாறும் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத்து வண்டியில் இருத்தல் வேண்டும்.

அன்பர்களே, பிறர் நம்மை நம்பி அனுப்பிய பிள்ளை நம் வீட்டில் இருக்கும் அடைக்கலப் பொருள். பதினேழு வயதில் சாவியை எட்டாத இடத்தில் வைப்போம். பதினெட்டாம் பிறந்த நாள் கழிந்ததும் நாமே உடன் சென்று அவனை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வரிசையில் நிறுத்துவோம். வளர்த்தவர் கடமை இரண்டும் சேர்ந்ததே.