மலைச்சாலையில் வாந்தி வருமா? அறுவை சிகிச்சைக்கு முன் கேட்கப்படும் கேள்வி

மாணவர்களே, கேமரன் மலைக்கு வளைந்து வளைந்து ஏறும் சாலையில் பேருந்து செல்லும்போது உங்களுக்குத் தலை சுற்றுமா? வயிற்றைப் புரட்டுமா? அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளியைச் சந்திக்கும் மயக்க மருந்து மருத்துவரும் ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்பார். வயிற்றில் நடக்கப்போகும் அறுவைக்கும் பேருந்துப் பயணத்துக்கும் என்ன தொடர்பு? பலர் இதை ஒரு பேச்சுக்காகக் கேட்கிறார் என்று எண்ணி, "அதெல்லாம் ஒன்றுமில்லை, டாக்டர்" என்று சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் அந்த ஒரு பதிலை வைத்தே நோயாளிக்குத் தரும் மருந்துகள் மாறக்கூடும்.

இதைப் புரிந்துகொள்ள, பெண்களுக்குப் பரவலாகச் செய்யப்படும் ஓர் அறுவை சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். கருப்பையை அகற்றும் சிகிச்சைதான் அது. கருப்பையில் வளரும் தசைநார்க் கட்டிகள், நிற்காத உதிரப்போக்கு, கருப்பை கீழே இறங்குதல், புற்றுநோய் போன்ற காரணங்களுக்காக இது செய்யப்படுகிறது. உங்கள் அம்மாவோ பெரியம்மாவோ அத்தையோ ஒருநாள் இதற்காக மருத்துவமனையில் சேரலாம். அப்போது நோயாளிகள் அதிகம் அஞ்சுபவை இரண்டு: கண் விழித்ததும் வரும் வாந்தி, அதன்பின் வரும் வலி.

இவை இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. வலியைத் தணிக்கும் வலுவான மருந்து குமட்டலை உண்டாக்கும். வாந்தி எடுக்கும்போது வயிற்றுத் தசைகள் இறுகி, தையல் போட்ட இடம் வலிக்கும். வலி கூடினால் மீண்டும் மருந்து, மருந்து கூடினால் மீண்டும் குமட்டல். இந்தச் சுழலை எங்கே அறுப்பது என்பதுதான் மருத்துவர்களின் முன் உள்ள புதிர்.

மூளையில் ஒரு காவல் நிலையம்

வாந்தி வயிற்றில் தொடங்குவதாகத் தோன்றினாலும் அதற்கான கட்டளை மூளையிலிருந்தே வருகிறது. மூளையின் அடிப்பகுதியில் முகுளம் என்ற பகுதி இருக்கிறது. அங்கே இரத்தத்தில் நச்சு கலந்திருக்கிறதா என்று ஓயாமல் சோதிக்கும் ஒரு சிறு பகுதி உண்டு. மூளையின் பெரும்பாலான பகுதிகளை இரத்தத்திலுள்ள பல பொருள்களிடமிருந்து ஒரு தடுப்பு காக்கிறது. இந்தச் சிறு பகுதியில் அந்தத் தடுப்பு வலுவாக இல்லை. காவலாளி வேலிக்கு வெளியே நின்றால்தானே வருபவரைப் பார்க்க முடியும்?

கெட்டுப்போன உணவைத் தின்றுவிட்டால் இந்தக் காவலாளி நம்மைக் காப்பாற்றுகிறார். ஆனால் மயக்க வாயுவும் மார்ஃபினும் இரத்தத்தில் கலந்து வரும்போது, அவை சிகிச்சைக்காகத் தரப்பட்டவை என்று அவருக்குத் தெரியாது. "நச்சு வந்துவிட்டது, வெளியேற்று!" என்று ஆணையிடுகிறார்.

வாந்தியைத் தூண்டும் செய்திகள் வேறு வழிகளிலும் வருகின்றன. நம் உடலிலுள்ள செரட்டோனினில் பெரும்பங்கு குடலில்தான் இருக்கிறது. குடல் எரிச்சலடைந்தால் அது வெளிப்பட்டு, நரம்பின் வழியாக மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு மூன்றாவது வழி. மலைச்சாலையில் நமக்குக் குமட்டுவது இந்த வழியால்தான். மார்ஃபின் வகை மருந்துகள் காவல் நிலையத்தைத் தூண்டுவதோடு நிற்பதில்லை. குடலின் இயக்கத்தையும் மந்தமாக்குகின்றன, சமநிலை உறுப்பையும் கூருணர்வு கொள்ளச் செய்கின்றன. பேருந்தில் வாந்தி எடுப்பவருக்கு அறுவைக்குப் பின்னும் வாந்தி வரும் வாய்ப்பு அதிகம் என்பதில் இனி வியப்பில்லை அல்லவா?

நான்கு கேள்விகள், ஒரு கணக்கு

1999ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் கிறிஸ்டியன் அப்ஃபெலும் அவருடைய குழுவினரும் ஓர் எளிய கணக்கீட்டை வெளியிட்டனர். அதில் நான்கே கேள்விகள்.

1. நோயாளி பெண்ணா?
2. புகைபிடிக்காதவரா?
3. பயணத்தில் வாந்தி வருபவரா, அல்லது முன்பு அறுவைக்குப் பின் வாந்தி எடுத்தவரா?
4. அறுவைக்குப் பின் மார்ஃபின் வகை மருந்து தேவைப்படுமா?

ஒவ்வோர் "ஆம்" என்ற பதிலுக்கும் ஒரு புள்ளி. புள்ளி எதுவும் இல்லாவிட்டால் வாந்தி அல்லது குமட்டல் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 10 விழுக்காடு. ஒரு புள்ளிக்கு 20, இரண்டுக்கு 40, மூன்றுக்கு 60, நான்குக்கு 80 விழுக்காடு. இரண்டாம் கேள்வியைப் பார்த்து யாரும் புகைபிடிக்கத் தொடங்கிவிட வேண்டாம். புகை நுரையீரலைக் கெடுக்கும், காயம் ஆறுவதையும் தாமதப்படுத்தும்.

இப்போது கருப்பை அகற்றும் சிகிச்சைக்கு வரும் ஒரு பெண்மணியை எண்ணிப் பாருங்கள். பெண் என்பதற்கு ஒன்று, புகைபிடிக்காதவர் என்பதற்கு ஒன்று, வலுவான வலி மருந்து தேவைப்படலாம் என்பதற்கு ஒன்று. மூன்று புள்ளிகள் வந்துவிட்டன. பேருந்தில் வாந்தி வரும் என்றால் நான்கு. "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்ற பதில் அவருடைய கணக்கை 80இலிருந்து 60க்குத் தவறாக இறக்கிவிடும்.

கூட்டணி அமைக்கும் மருந்துகள்

வாந்திக்கான செய்தி பல வழிகளில் வருவதால், ஒரே மருந்தை அதிகமாகக் கொடுப்பது அவ்வளவாக உதவாது. ஒரு வாசலை இரண்டு பூட்டுப் போட்டுப் பூட்டிவிட்டு மற்ற வாசல்களைத் திறந்து வைப்பதைப் போன்றது அது. ஒவ்வொரு வழிக்கும் ஒரு மருந்து வேண்டும். ஒண்டான்செட்ரான் செரட்டோனினின் செய்தியைத் தடுக்கிறது. டிரோபெரிடால் காவல் நிலையத்தில் டோபமினின் செய்தியைத் தடுக்கிறது. டெக்சாமெத்தசோன் வேறொரு வழியில் உதவுகிறது.

2004ஆம் ஆண்டில் 5,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு வெளியானது. மேற்சொன்ன மூன்று மருந்துகளில் ஒவ்வொன்றும் வாந்தி வாய்ப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைக் குறைத்தது. ஒன்றின் பலன் மற்றொன்றால் கெடவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 80இல் நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 60. இரண்டாவது மருந்துக்குப் பின் 45. மூன்றாவதற்குப் பின் ஏறக்குறைய 34. மயக்க வாயுவுக்குப் பதிலாக புரோபோஃபால் என்ற மருந்தை நரம்பில் ஏற்றி மயக்கினால் இது இன்னும் குறையும்.

அப்படியானால் எல்லாருக்கும் எல்லா மருந்தையும் கொடுத்துவிடலாமே? அது சரியன்று. 10 விழுக்காடு வாய்ப்பு உள்ளவருக்கு முதல் மருந்து தரும் பயன் வெறும் இரண்டரை விழுக்காடுதான். ஒண்டான்செட்ரான் தலைவலியும் மலச்சிக்கலும் தரலாம். டெக்சாமெத்தசோன் இரத்தச் சர்க்கரையை ஏற்றலாம். ஆகவே அதிக வாய்ப்புள்ளவருக்கு அதிகப் பாதுகாப்பு என்பதே முறை. நேரமும் முக்கியம். டெக்சாமெத்தசோன் மெதுவாக வேலை செய்வதால் அறுவையின் தொடக்கத்தில் தரப்படுகிறது. ஒண்டான்செட்ரான் பெரும்பாலும் அறுவை முடியும் தறுவாயில் தரப்படுகிறது. நோயாளி கண் விழிக்கும் முன்பே பாதுகாப்பு தயாராக இருக்கும்.

வலியின் பாதையில் மூன்று நிறுத்தங்கள்

வலிக்கும் இதே உத்திதான். தோலும் தசையும் வெட்டப்பட்ட இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. அது நரம்பு முனைகளைக் கூருணர்வு கொள்ளச் செய்கிறது. லேசான தொடுதல்கூட வலிப்பது இதனால்தான். அங்கிருந்து வலிச் செய்தி நரம்பின் வழியே தண்டுவடத்துக்கும், பிறகு மூளைக்கும் செல்கிறது. காயம், நரம்பு, தண்டுவடமும் மூளையும் என மூன்று நிறுத்தங்கள்.

முதல் நிறுத்தத்தில் புரோஸ்டாகிளாண்டின் உருவாகாமல் தடுப்பவை இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மருந்துகள். ஆஸ்பிரினும் இப்படித்தான் வேலை செய்கிறது என்று 1971இல் கண்டறிந்த பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜான் வேன், 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சிறுநீரக நோய், வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கும் ஆஸ்துமா உள்ள சிலருக்கும் இவை ஆகாது. இரண்டாம் நிறுத்தத்தில், மரத்துப்போகச் செய்யும் ஊசியை வயிற்றுச் சுவரின் நரம்புகளுக்கு அருகில் போடுகிறார்கள். அது நரம்பணுவின் சோடியம் வாயில்களை அடைத்துவிடுவதால் மின்செய்தி நகர முடியாது. மூன்றாம் நிறுத்தத்தில் பாரசிட்டமால், மார்ஃபின் ஆகியவை வேலை செய்கின்றன. நம் வீட்டு அலமாரியில் இருக்கும் பெனடோல் மாத்திரைதான் பாரசிட்டமால்.

மூன்று நிறுத்தங்களிலும் செய்தி தணிந்துவிட்டால் மார்ஃபின் குறைவாகவே தேவைப்படும். மார்ஃபின் குறைந்தால் குமட்டலும் குறையும். நாம் தேடிய சுழல் இங்கேதான் அறுபடுகிறது.

தோள்பட்டை ஏன் வலிக்கிறது?

இப்போது சிறு துளைகள் வழியாகக் கருவிகளைச் செலுத்தியும் கருப்பையை அகற்றுகிறார்கள். மருத்துவர் உள்ளே தெளிவாகப் பார்ப்பதற்காக வயிற்றுக்குள் கரியமில வாயு நிரப்பப்படுகிறது. இந்த முறையில் சிகிச்சை பெற்ற பலர் மறுநாள், "வயிற்றில் அறுவை செய்தார்கள், தோள்பட்டை வலிக்கிறதே!" என்று குழம்புகிறார்கள்.

வயிற்றுக்கும் மார்புக்கும் இடையில் உள்ள உதரவிதானத்தை அந்த வாயு எரிச்சலூட்டுகிறது. உதரவிதானத்தின் நரம்பு கழுத்துப் பகுதித் தண்டுவடத்திலிருந்து புறப்படுகிறது. தோள்பட்டையின் நரம்புகளும் அதே பகுதியைத்தான் சேர்கின்றன. ஒரே முகவரிக்கு வந்த இரு கடிதங்களை மூளை மாற்றிப் படித்துவிடுகிறது. இந்த வலி பொதுவாகச் சில நாள்களில் மறைந்துவிடும். ஆனால் நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ சேர்ந்து வந்தால் உடனே தாதியிடம் சொல்ல வேண்டும்.

கட்டிலருகே அமரும் நீங்கள்

சில மருத்துவமனைகளில் நோயாளியின் கையில் ஒரு பொத்தான் தரப்படும். வலிக்கும்போது அவர் அழுத்தினால், கருவி சிறிதளவு மார்ஃபினை நரம்பில் செலுத்தும். பிறகு சில நிமிடங்களுக்கு எத்தனை முறை அழுத்தினாலும் மருந்து வராது. இதில் மற்றொரு பாதுகாப்பும் உண்டு. மருந்து போதுமான அளவு சேர்ந்ததும் நோயாளி உறங்கிவிடுவார், உறங்குபவர் பொத்தானை அழுத்த மாட்டார். உறவினர் ஒருவர் அன்பினால், "பாவம், வலிக்குமே" என்று அழுத்தினால் அந்தப் பாதுகாப்பு உடைந்துபோகும். மருந்து மிகுந்து மூச்சு மந்தமாகலாம். உயிருக்கே ஆபத்து ஏற்படலாம். அந்தப் பொத்தானை நீங்கள் ஒருபோதும் அழுத்தாதீர்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை வேறு உண்டு. இருமலோ தும்மலோ வரும்போது வயிற்றின் மேல் ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தையலின் மீது விழும் இழுப்பு குறையும். எழும்போது மெதுவாக எழ உதவுங்கள். திடீர் அசைவு குமட்டலைக் கூட்டும். உண்ண வற்புறுத்தாமல், மருத்துவர் அனுமதித்ததும் சிறிது சிறிதாகத் தண்ணீரோ கஞ்சியோ கொடுங்கள்.

வீடு திரும்பிய பின், வலி உச்சத்தை அடையும்வரை காத்திராமல் மருத்துவர் சொன்ன நேரத்துக்கு மாத்திரையைத் தர வேண்டும். பெரியவர்களுக்குப் பாரசிட்டமாலின் உச்ச அளவு பொதுவாக ஒரு நாளைக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. மெலிந்த உடல்வாகு கொண்டவருக்கும் கல்லீரல் நோய் உள்ளவருக்கும் இது இன்னும் குறையும். பல சளிக்காய்ச்சல் மாத்திரைகளிலும் பாரசிட்டமால் கலந்திருக்கிறது. தெரியாமல் இரண்டையும் சேர்த்து விழுங்கினால் கல்லீரல் கெடும். பெட்டியின் மேல் உள்ள பெயரைப் படித்துப் பார்க்கும் வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம்.

காய்ச்சல், நிற்காத வாந்தி, வயிறு உப்புதல், மிகுந்த உதிரப்போக்கு, கெண்டைக்காலில் வலியும் வீக்கமும் ஆகியவற்றில் எது வந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சொன்னால்தான் தெரியும்

மலேசியச் சுகாதார அமைச்சு 2008ஆம் ஆண்டில் வலியை ஐந்தாவது உயிர்க்குறியாக அறிவித்தது. நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், உடல் வெப்பம், மூச்சு ஆகியவற்றைப் போலவே வலியையும் தாதியர் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது இதன் பொருள். "பூச்சியத்திலிருந்து பத்துவரை, உங்கள் வலி எவ்வளவு?" என்று கேட்பார்கள். நாடியை விரலால் அறியலாம், வெப்பத்தைக் கருவியால் அளக்கலாம். வலியை அளக்கும் கருவி நோயாளியின் வாய்தான்.

நம் வீடுகளில் பல அம்மாக்கள் எட்டு என்று சொல்ல வேண்டிய இடத்தில் மூன்று என்று சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொள்கிறார்கள். பொறுத்துக்கொள்வது பெருமை என்று அவர்களுக்குச் சொல்லித்தரப்பட்டிருக்கிறது. ஆனால் வலியால் ஆழ்ந்து மூச்சு விடாதவருக்கு நுரையீரலில் சளி கட்டலாம். எழுந்து நடக்காதவருக்குக் கால் நரம்பில் இரத்தம் உறையலாம். மறைத்த வலி உடல் தேறுவதைத் தாமதப்படுத்துகிறது.

உங்கள் வீட்டில் யாருக்காவது அறுவை சிகிச்சை நாள் குறிக்கப்பட்டிருந்தால், இன்றே கேட்டுப் பாருங்கள்: "அம்மா, உங்களுக்குப் பேருந்தில் வாந்தி வருமா?" வரும் என்றால் அதை மறக்காமல் மயக்க மருந்து மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.