ரோல் கணக்கும் கிலோ கணக்கும்: சிறு பண்ணைக்கு வைக்கோல்

நெல் விளையும் மாவட்டங்களில் இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர்களுக்கு உலர்தீவனம் என்றால் வைக்கோல்தான். கொங்குப் பக்கம் அந்த இடத்தைச் சோளத்தட்டை பிடித்துக்கொள்கிறது; மானாவாரி வட்டாரங்களில் கடலைக்கொடியும் கம்பந்தட்டையும். சொந்த வயல் உள்ளவர்களுக்கு முன்பு வைக்கோல் ஒரு தனிச் செலவாகவே தெரிந்ததில்லை. ஆள் வைத்து அறுத்து, களத்தில் அடித்து, தாளை வண்டியேற்றி வீட்டோரம் போர் போட்டுவிடுவார்கள். அறுவடை இயந்திரம் வந்தபின் நெல் மட்டும் வீடு வந்தது. வைக்கோல் நொறுங்கி வயலிலேயே சிதறிக் கிடந்தது. அதை ஆள் விட்டு வாரினால் கூலிக்குக் கட்டாது.

இந்தச் சிக்கலைத் தீர்த்தது டிராக்டருக்குப் பின்னால் பூட்டி இழுக்கும் கட்டுக் கட்டும் இயந்திரம். வயலில் கிடக்கும் வைக்கோலை வாரிச் சுருட்டி, கயிறு சுற்றி, ரோலாக வெளியே தள்ளுகிறது. இங்கே அதிகம் புழங்கும் சிறு ரோல் 15 முதல் 20 கிலோவை ஒட்டி இருக்கும். வெளிநாட்டுப் பெரும்பண்ணைகளில் உருட்டும் பேல்கள் பல நூறு கிலோ எடையுள்ளவை. இயந்திரம் இல்லாமல் அவற்றை அசைக்க முடியாது. சிறு ரோலை ஒருவரே தூக்கியோ உருட்டியோ கொட்டகைக்குள் கொண்டுபோகலாம். தீவனம் வைப்பதும் சாணம் அள்ளுவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் பொறுப்பில் இருப்பதால், எடை கைக்கு அடங்குவது பெரிய வசதி. உதிரி வைக்கோலைவிட ரோல் குறைந்த இடத்தில் அடங்கும், வண்டி வாடகையும் மிச்சம். டெல்டா வைக்கோல் மேற்கு மாவட்டங்களுக்கும் கேரளத்துக்கும் லாரி லாரியாகப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் ரோலில் ஒரு மயக்கம் உண்டு. விலை ரோலுக்குப் பேசப்படுகிறது, மாடு தின்பதோ கிலோ கணக்கில். பசுந்தீவனமும் அடர்தீவனமும் கிடைக்கும் கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 5 கிலோ வைக்கோல் என்று வைத்தால், ஆண்டுக்கு 1,825 கிலோ வேண்டும். ரோல் 20 கிலோ இருந்தால் 92 ரோல் போதும். 15 கிலோதான் என்றால் 122 ஆகிவிடும். ரோல் 100 ரூபாய் என்றால் முதலாவதில் கிலோ 5 ரூபாய், இரண்டாவதில் 6 ரூபாய் 67 காசு. வாங்குமுன் நாலைந்து ரோலைப் பொறுக்கித் தொங்கு தராசில் மாட்டிச் சராசரி பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும். விற்பவர் முகம் சுளிக்கலாம், பரவாயில்லை.

அடுத்தது வாங்கும் காலம். குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் மழையோடு மோதுகிறது. அந்த வைக்கோல் நனைந்து கறுக்க வாய்ப்பு அதிகம். சம்பா வைக்கோல் தை, மாசி வெயிலில் நன்றாகக் காய்ந்து வருகிறது. வயல்கள் ஒருசேர அறுபடுவதால் விலையும் அப்போதுதான் இறங்கும். கோடை முடிந்து கையிருப்பு தீரும்போது விலை ஏறிவிடும். ஆகவே ஆண்டுத் தேவையைச் சம்பாவிலேயே வாங்கி அடைப்பதுதான் மலிவு. கையில் மொத்தப் பணம் இல்லாத நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரு லோடு இறக்கிப் பங்கிட்டுக்கொண்டால் வாடகை சுமையாகாது. வயலிலேயே ரோலைப் பேசி எடுத்தால் இன்னும் குறையும்.

வாங்கும்போது ரோலின் வெளிப்பக்கம் மட்டும் பார்த்தால் ஏமாறலாம். நடுவில் கையை நுழைத்துப் பார்க்க வேண்டும்: சூடு தெரிந்தால் ஈரத்தோடு சுருட்டியிருக்கிறார்கள். இரண்டு தாளை உருவி முறுக்கினால் சடசடவென ஒடிய வேண்டும், துவண்டால் ஈரம். மக்கிய வாடை, கரும்புள்ளி, உதறினால் பறக்கும் வெண்தூள் எல்லாம் பூஞ்சணத்தின் அடையாளம். பூஞ்சண வைக்கோல் தின்ற எருமைகளுக்கு வால்நுனி, காதுமடல், குளம்புப் பக்கம் அழுகும் டெக்நாலா நோய் வட மாநிலங்களில் நன்கு அறியப்பட்டது. கயிற்றையும் கவனிக்க வேண்டும். சணல் என்றால் பெரிய பயமில்லை. பிளாஸ்டிக் கயிறு தீவனத்தோடு உள்ளே போனால் வயிற்றில் சுருண்டு அடைத்துக்கொள்ளும். ரோலைப் பிரித்த கையோடு கயிற்றை எடுத்துத் தனியே போடுவது நல்லது.

அடுக்கும் இடம் மேடாக இருக்க வேண்டும். தரையில் கல்லோ பலகையோ பரப்பி அதன்மேல் அடுக்கினால் கரையானும் ஈரமும் ஏறாது. தார்ப்பாயை நாலு பக்கமும் இறுக்கி மூடினால் உள்ளே வியர்த்து வைக்கோல் கெடும். மேலே மூடிப் பக்கங்களில் காற்றுக்கு வழி விடுவதே சரி. மின்கம்பிக்குக் கீழேயும் அடுப்படி அருகேயும் அடுக்கக் கூடாது. கொட்டகையை ஒட்டி அடுக்கினால் தீ பிடிக்கும்போது மாட்டையும் சேர்த்து இழக்க நேரும்.

வைக்கோல் வயிற்றை நிரப்பும், சத்து குறைவு. புரதம் 3 முதல் 4 விழுக்காடுதான். அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தையும் பிணைத்துக்கொள்ளும். அதனால் தாது உப்புக் கலவை அவசியம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை ஏறத்தாழ 65 லிட்டர் தண்ணீரில் முழுதும் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைத்தால் செரிமானமும் புரதமும் கூடும். பிரித்த பின் ஆறவிட்டே கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு ஆகாது. கரைசலை மாடு குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் கவனமில்லாத வீட்டில் இதைத் தொடாதிருப்பதே மேல். உளுந்துக்கொடியோ கடலைக்கொடியோ கலந்து கொடுப்பது எளிய வழி. நெல் தரிசில் உளுந்து போடும் டெல்டாவில் அது கைக்கெட்டும் தொலைவிலேயே கிடைக்கிறது. வாய்க்கால் ஓரத்தில் நாலு அகத்தியும் வேலிமசாலும் இருந்தால் விலை கொடுத்து வாங்கும் வைக்கோல் இன்னும் குறையும்.

ஆட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வெள்ளாடு வைக்கோலை முகர்ந்துவிட்டு ஒதுங்கும். மழைக்காலத்துக்கு அதற்குச் சேர்த்துவைக்க வேண்டியது கடலைக்கொடி, உளுந்துப் பொட்டு, நிழலில் உலர்த்திய சவுண்டல் தழை. அவற்றையும் தரையில் கொட்டினால் மிதித்துப் பாழாக்கும். தலை மட்டத்தில் கட்டித் தொங்கவிட்டால் மிச்சமில்லாமல் தின்னும்.