மானிட்டரிங் டூலுக்கு ரூட் பாஸ்வேர்டு கொடுக்காதீங்க!

புராஜெக்ட்டுக்கு மைஎஸ்க்யூஎல் சர்வர் ஓட்டுறீங்களா? அதைக் கண்காணிக்க பெர்கோனாவின் பிஎம்எம் போன்ற ஓப்பன் சோர்ஸ் டூல்கள் இலவசமாவே கிடைக்குது. சர்வரை அதில் சேர்க்கும்போது யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கும். பலரும் யோசிக்காம ரூட்டைக் கொடுத்துடுவாங்க. சிக்கலே அங்கதான்.

மைஎஸ்க்யூஎல் ஒரே நேரத்தில் அனுமதிக்கும் கனெக்‌ஷன்கள், டீஃபால்ட்டா 151. அதுக்கு மேல ஒரே ஒரு இடம் அட்மினுக்குன்னு ஒதுக்கியிருக்கும். 151-ம் நிரம்பி சைட் திணறும்போது, நீங்க உள்ளே போக அந்த ஒரு வழிதான். டூலும் ரூட்டாவே லாகின் ஆனா, அந்த இடத்தையும் அது பிடிச்சுக்கலாம். அப்புறம் நீங்க வாசல்லயே நிக்கணும்.

அதனால இந்த மூணு செட்டிங்ஸைக் கவனிங்க:

1. தனி யூசர்: செலக்ட், பிராசஸ், ரெப்ளிகேஷன் கிளையன்ட் மாதிரி தேவையான உரிமைகளை மட்டும் கொடுங்க. இந்த யூசருக்கு அதிகபட்சம் 10 கனெக்‌ஷன் போதும்.

2. ஸ்லோ க்வெரி லாக்: டீஃபால்ட்டா ஆஃப்ல இருக்கும். ஆன் பண்ணாலும் 10 விநாடிக்கு மேல் ஓடும் க்வெரிதான் பதிவாகும். 3 விநாடி இழுக்கிறது சிக்கவே சிக்காது. 'லாங் க்வெரி டைம்' மதிப்பை 1 ஆக்குங்க. லாக் ஃபைல் வளரும், டிஸ்க்கையும் பார்த்துக்கோங்க.

3. அலர்ட்: கனெக்‌ஷன்கள் 80 சதவீதத்தைத் தாண்டி 5 நிமிடம் நீடிச்சா மட்டும் வரட்டும். சும்மா சும்மா மெயில் வந்தா, நிஜமான ஆபத்து வரும்போது யாரும் திறந்து பார்க்க மாட்டாங்க.

கடைசியா, புது யூசரில் லாகின் பண்ணி ஒரு டேபிளில் இன்சர்ட் செஞ்சு பாருங்க. எரர் வந்தா, சரியா செட் பண்ணியிருக்கீங்கன்னு அர்த்தம்!