மென்பொருள் வானொலி: எண் பெரிதானால் ஒலி தெளிவாகுமா?

வால்வு, டிரான்சிஸ்டர் என்று வளர்ந்து வந்த வானொலிப் பெட்டி இப்போது கம்ப்யூட்டருக்குள்ளேயே குடியேறிவிட்டது. கட்டைவிரல் அளவுள்ள ஒரு கருவியைக் கம்ப்யூட்டரில் செருகி, ஏரியலை இணைத்தால் போதும். நிலையத்தைப் பிரித்தெடுத்து ஒலியாக்கும் வேலை முழுவதும் கணக்காகவே நடந்துவிடுகிறது. டிஜிட்டல் டி.வி.க்காகச் செய்யப்பட்ட ஆர்.டி.எல். 2832யூ என்ற சில்லு கொண்ட மலிவான கருவிகள் இதற்கும் உதவும் என்பது 2012-ல் பரவலாகத் தெரியவந்தது.

வாங்கியவர்களில் பலர் முதலில் செய்வது, மாதிரி வேகம் என்ற எண்ணை உச்சத்துக்கு ஏற்றுவதுதான். ஒலி விட்டுவிட்டு வருகிறது. உடனே, "கம்ப்யூட்டர் பழசு, புதிது வாங்க வேண்டும்" என்று முடிவு கட்டுகிறார்கள். பெரும்பாலும் அது வீண் செலவு.

பார்ப்பது வேறு, கேட்பது வேறு

மாதிரி வேகம் என்பது, கருவி வினாடிக்கு எத்தனை முறை அலையை அளக்கிறது என்பதாகும். 24 லட்சம் முறை அளந்தால், 2.4 மெகா ஹெர்ட்ஸ் அகலம் திரையில் தெரியும். பெங்களூர் வானொலியின் ரெயின்போ 101.3, விவித பாரதி 102.9. இடைவெளி 1.6 மெகா ஹெர்ட்ஸ். நடுவில் 102.1-ல் வைத்தால் இரண்டும் ஒரே திரையில் தெரியும்.

ஆனால் ஒரு எப்.எம். நிலையத்தைக் கேட்க சுமார் 200 கிலோ ஹெர்ட்ஸ் அகலம் போதும். அதைத் தனியே பிரிப்பது வடிகட்டி. ஆக, எவ்வளவு பார்க்கிறோம் என்பதை வேகமும், எதைக் கேட்கிறோம் என்பதை வடிகட்டியும் தீர்மானிக்கின்றன.

96 கோடியும் 96 லட்சமும்

வேகம் கூடினால் வடிகட்டியின் வேலை இரு வழியில் கூடுகிறது. அதே கூர்மைக்கு அதிகப் பெருக்கல்கள் தேவை. அவற்றை அதிக முறை செய்யவும் வேண்டும். 24 லட்சம் வேகத்தில் ஒவ்வொரு மாதிரிக்கும் சுமார் 400 பெருக்கல் என்றால், வினாடிக்கு 96 கோடி. வேகத்தை 2 லட்சத்து 40 ஆயிரமாகக் குறைத்தால் 40 பெருக்கலே போதும். மொத்தம் 96 லட்சம். நூறில் ஒரு பங்கு!

எனவே நல்ல மென்பொருள்கள் முதலில் சாதாரண வடிகட்டியால் சலித்து, பத்தில் ஒரு மாதிரியை மட்டும் வைத்துக்கொண்டு, பிறகே கூர்மையான வடிகட்டியைப் போடுகின்றன. முதல் சலிப்புக்கும் வேலை உண்டு என்றாலும் மிச்சம் மிகப் பெரிது.

வரிசை மாறக் கூடாது

சலிக்காமல் மாதிரிகளைக் குறைத்தால் வம்பு. சினிமாவில் வேகமாக ஓடும் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தோன்றுகிறதல்லவா? அதே ஏமாற்று இங்கும் நடக்கும். 1.6 மெகா ஹெர்ட்ஸ் தள்ளியிருக்கும் விவித பாரதி, ரெயின்போவுக்கு 80 கிலோ ஹெர்ட்ஸ் அருகில் வந்து விழும். அப்படிக் கலந்தபின் எந்த வடிகட்டியாலும் பிரிக்க முடியாது.

இந்தச் சில்லில் 32 லட்சம் வரை வைக்கலாம். ஆனால் 24 லட்சத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் மாதிரிகள் தவறிப் போகும். ஒரே நிலையம் கேட்பவருக்கு 10 லட்சமே தாராளம். வடிகட்டியை 200 கிலோ ஹெர்ட்ஸில் வையுங்கள். மிகக் குறுக்கினால் இரைச்சலோடு பாட்டும் சிதையும். மிக அகட்டினால் பக்கத்து நிலையம் நுழையும். புதிய கம்ப்யூட்டருக்குக் கடன் வாங்கும் முன் இந்த இரண்டு எண்களையும் மாற்றிப் பார்ப்பது நல்லது.