உறை விழாத பால்

எதிர்வீட்டு மாமாவுக்கு 68 வயது. ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து போக வேண்டியிருக்கிறது என்று டாக்டர் ஃபினாஸ்டரைடு எழுதிக் கொடுத்திருக்கிறார். நேற்று டீ குடிக்க வந்தவர், மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளை நீட்டினார்.

"உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக் கூடாதாம். மருமகள் முழுகாமல் இருக்கிறாள். என் ப்ராஸ்டேட்டுக்கும் அவளுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

உட்காருங்கள் மாமா, கொஞ்சம் சுற்றிப் போக வேண்டும்.

ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி என்று ஒரு அம்மா. நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் ஹார்மோன் டாக்டர். 1970களின் தொடக்கத்தில் டொமினிக்கன் குடியரசின் தென்மேற்கில் சலினாஸ் என்ற கிராமத்துக்குப் போனார். அங்கே சில குழந்தைகள் பிறக்கும்போது பெண்போல இருந்தார்கள். பெண் பெயர், பெண் உடுப்பு. பன்னிரண்டு வயதை ஒட்டிக் குரல் உடைந்து, தோள் அகன்று, ஆண்குறி வளர்ந்தது. ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. 'கெவெதோசே' என்று பெயரே வைத்திருந்தார்கள். 'பன்னிரண்டில் ஆண்குறி' என்று பொருள் சொல்வார்கள். டாக்டர்கள் பெயர் தேடும் முன்பே ஊர் முந்திக்கொண்டது.

காரணம் என்ன? வீட்டில் பாலுக்கு உறை ஊற்றுகிறோமே, அப்படி வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்டோஸ்டிரோன் பால். டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் தயிர், அதே சரக்கு, வீரியம் அதிகம். நடுவில் உறைமோர், 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி. கருவில் இருக்கும் ஆண் குழந்தையின் உள்குழாய்களுக்குப் பால் போதும். வெளியுறுப்பும் ப்ராஸ்டேட்டும் தயிர் கேட்கும். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்துவிட்டால் உறைமோர் இல்லை. விரைகள் உள்ளே இருக்கும். வெளித்தோற்றம் மட்டும் பெண்போல இருக்கும். பருவம் வந்ததும் பால் வெள்ளமாகப் பாய்கிறது. குரலுக்கும் தசைக்கும் அதுவே போதும். 1974இல் இந்தக் குறையை அவருடைய குழு 'சயன்ஸ்' இதழில் எழுதியது.

1979இல் எழுதியதுதான் சண்டையைக் கிளப்பியது. சந்தேகமே இல்லாமல் பெண்ணாக வளர்க்கப்பட்டவர்கள் என்று அவர் கணக்கிட்ட 18 பேரில் 17 பேர் பருவத்துக்குப் பின் தங்களை ஆண் என்றே உணர்ந்தார்கள். வளர்ப்பைவிட ஹார்மோன் பலமானது என்றார். வளர்ப்புதான் எல்லாம் என்று அமெரிக்காவில் உளவியலாளர் ஜான் மனி பேசிக்கொண்டிருந்த காலம் அது. மானிடவியலாளர் கில்பர்ட் ஹெர்ட் வேறு பக்கமிருந்து மடக்கினார்: ஊரே பெயர் வைத்துக் காத்திருக்கும்போது அந்தப் பிள்ளைகள் வெறும் பெண்பிள்ளைகளாகவா வளர்ந்திருப்பார்கள்? எனக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். ஹார்மோன் பக்கம் வலுவில்லை என்பதல்ல. ஆனால் எதிர்பார்ப்பும் ஒரு வளர்ப்புதானே.

டீ ஆறுகிறது, குடியுங்கள். உங்கள் மாத்திரைக்கு வருகிறேன்.

அந்த ஆண்கள் பெரியவர்களானதும் இன்னொன்று தெரிந்தது. ப்ராஸ்டேட் சின்னதாகவே இருந்தது. முன்மண்டை வழுக்கை இல்லை, தாடி மட்டும் அடர்த்தி குறைவு. மெர்க் நிறுவனத்தில் ஆய்வுப் பொறுப்பிலிருந்த ராய் வாகலோஸ் இதைக் கவனித்தார். பெரியவர்கள் உடம்பில் அந்த உறைமோரை மருந்தால் தடுத்தால்? வந்தது ஃபினாஸ்டரைடு. 1992இல் ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம், 1997இல் வழுக்கைக்கு 1 மில்லிகிராம் என்று அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உங்கள் வயதில் உறைமோர் குறைந்தால் லாபம். வயிற்றில் இருப்பது ஆண் பிள்ளையாக இருந்து, மருந்து தாயின் உடம்புக்குள் போனால், சலினாஸில் இயற்கை செய்ததை மாத்திரை செய்துவிடலாம். முழு மாத்திரைக்கு மேலே பூச்சு இருக்கிறது, தொட்டால் பயமில்லை. உடைத்தால்தான் சிக்கல்.

மாமா கிளாஸைக் கீழே வைத்தார்.

"எனக்கு முழுசாக விழுங்க வராது என்று தினமும் ரெண்டாக உடைத்துக் கொடுப்பதே அவள்தானப்பா" என்று செருப்பைத் தேடினார்.